தன்வந்திரி பெயரில் ஒரு பொய்யும் இடது கைத் தழும்பும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் மணலூர்பேட்டைப் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்டு வந்தது. தடுப்பூசியைக் கண்டுபிடித்தது ஜென்னர் இல்லையாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தன்வந்திரி அதை எழுதி வைத்துவிட்டாராம். 1905-ல் சென்னை கவர்னரே அதை மேடையில் ஒப்புக்கொண்டாராம். கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். அதற்கு அடுத்த செய்தி ஒரு இளம் தகப்பனுடையது. "சார், பாப்பாவுக்கு ஒன்பது மாசம் ஆகுது. தட்டம்மை ஊசி கட்டாயம் போடணுமா? நம்ம உடம்பே பார்த்துக்காதா?"

இரண்டும் சம்பந்தமில்லாத செய்திகள் போலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் பதில் ஒரே கதைக்குள் இருக்கிறது. அந்தக் கதை நடந்தது நம் சென்னை மாகாணத்தில்தான். நான் வரலாறு நடத்தியவன், அதனால் வரலாற்றின் வழியாகவே சொல்கிறேன். உடம்புக்குள் நடப்பதைச் சொல்லாமல் இந்த வரலாறு புரியாது. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கு "அம்மை" என்றால் பிள்ளைகளுக்குச் சின்னம்மைதான் தெரியும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் உங்கள் கையின் மேல்பக்கத்தைப் பாருங்கள். காசு அளவில் வட்டமாக ஒன்றோ இரண்டோ தழும்பு இருக்கும். அது பெரியம்மைக்குக் குத்தியது. பலருக்கு அதோடு காசநோய்க்கான பி.சி.ஜி. தழும்பும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் பாட்டியின் முகம் முழுக்கக் குழிதான். ஊரில் அப்படிப்பட்ட முகங்கள் நிறைய இருந்தன. ஒரு கண் வெளுத்துப் போனவர்களும் இருந்தார்கள். யாருக்காவது அம்மை கண்டிருக்கிறது என்றால் நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகிவிடுவார்கள். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வெளியாள் உள்ளே வரக்கூடாது. வேப்பிலைப் படுக்கை, கூழ், இளநீர். "முத்து இறங்கிய" பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். நோய் என்று சொல்ல மாட்டார்கள், ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள்.

இதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மருந்து கொடுக்காமல் வேப்பிலை அடித்தே சாகவிட்டார்கள் என்று சிலர் ஏசுவார்கள். அது நியாயமில்லை. பெரியம்மையைக் குணப்படுத்தும் மருந்து அன்றைக்கு எந்த வைத்தியத்திலும் கிடையாது. லண்டன் அரண்மனையிலும் கிடையாது. நிலைப்படி வேப்பிலை ஊருக்கு ஒரு அறிவிப்புப் பலகை போல வேலை செய்தது. வாசலோடு ஆளை நிறுத்தியதற்குப் பலன் இருந்திருக்கும். ஆனால் "ஆத்தாவைப் பார்க்க" என்று சொந்தபந்தம் வந்துபோன வீடுகளும் உண்டு. அங்கே அந்தப் பலன் இல்லை.

பாட்டி அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "ஒருக்கா வந்துட்டுப் போயிட்டான்னா அவ திரும்ப வரமாட்டா." வீட்டில் யாருக்காவது அம்மை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பணிவிடை செய்ய ஏற்கெனவே முத்து போட்டுப் பிழைத்தவர்களைத்தான் கூப்பிடுவார்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் பார்த்துச் சேர்த்து வைத்த அறிவு இது. நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய இன்றைய பாடப்புத்தகத்தின் முதல் வரியும் ஏறக்குறைய இதுதான்.

சரி, உடம்புக்குள் என்ன நடந்தது?

பெரியம்மைக்குக் காரணம் வேரியோலா என்ற வைரஸ். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் மூவாயிரத்துக்கும் மேல் வரிசையாக நிற்கலாம், அவ்வளவு சின்னது. தனியாக அதனால் பெருக முடியாது. நம் உடம்பின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லின் சாமான்களையே எடுத்துத் தன்னைப் போலப் பல ஆயிரம் செய்துகொள்ளும். நோயாளியின் வாயிலிருந்து தெறிக்கும் துளிகள் வழியாக இன்னொருவரின் மூக்கு, தொண்டைக்குள் போகும். அங்கிருந்து நிணநீர் முடிச்சு, பிறகு மண்ணீரல், எலும்பு மஜ்ஜை என்று சத்தமில்லாமல் பெருகும். சுமார் 12 நாள் ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. கடையில் உட்கார்ந்திருப்பார், வயலுக்குப் போவார். அந்த நாட்களில் அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பிறகு கடும் காய்ச்சல், முதுகு வலி. மூன்று நான்கு நாளில் வாய்க்குள் புண், அப்புறம் முகம், கை, கால், உள்ளங்கை, உள்ளங்கால் என்று கொப்புளம்.

நம் உடம்பு இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டு இருப்பதில்லை. முதல் காவல் தோலும், மூக்கு தொண்டையில் உள்ள சளிப்படலமும். அதைத் தாண்டி வந்தால் வெள்ளை அணுக்களில் சில அந்நியப் பொருளைக் கண்டவுடன் விழுங்கும். வைரஸ் புகுந்த செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியே விடும். திருடன் புகுந்த வீட்டிலிருந்து கூச்சல் கேட்டுப் பக்கத்து வீடுகள் கதவைத் தாழ்போட்டுக்கொள்வது போல, பக்கத்துச் செல்கள் உஷாராகும். இவை எந்தக் கிருமி வந்தாலும் நடப்பவை. அடுத்துதான் தனிப்படை. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டிக்கொண்டது என்கிறோமே, அந்த நிணநீர் முடிச்சுகளுக்குள் வந்த கிருமியின் சாயலுக்குச் சரியாகப் பொருந்தும் அணுக்களைத் தேடிப் பிடித்து உடம்பு பெருக்குகிறது. அவற்றில் ஒரு வகை எதிர்ப்பொருளைச் செய்து ரத்தத்தில் விடும். எதிர்ப்பொருள் வைரஸின் மேல் ஒட்டிக்கொண்டு அது செல்லுக்குள் புகாமல் தடுக்கும். இன்னொரு வகை, ஏற்கெனவே வைரஸ் புகுந்துவிட்ட செல்லைத் தேடிக் கொல்லும். இந்தத் தனிப்படை திரள ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.

பெரியம்மை வைரஸ் அதற்குள் வேலையை முடிக்கப் பார்க்கும். இன்டர்ஃபெரான் கூச்சல் பக்கத்துச் செல்லின் காதில் விழாமல் நடுவிலேயே பிடித்துவைக்கும் புரதங்களை அது செய்து வெளியே விடுகிறது என்று பிற்காலத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆக இது ஒரு ஓட்டப்பந்தயம். முன்பின் பார்த்திராத உடம்பு என்றால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தோற்றுப்போனார். ஜெயித்தவர்களின் உடம்பில் அந்தத் தனிப்படையில் ஒரு பகுதி கலையாமல் அப்படியே இருந்துவிடும். அதுதான் நினைவணு. அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் பத்து நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டி சொன்ன "திரும்ப வரமாட்டா" என்பதன் உட்பொருள் இதுதான்.

அந்த நினைவை நோய் வராமலே உண்டாக்க முடியுமா என்பதுதான் அடுத்த கேள்வி. இந்தியாவில் இதற்கு ஒரு பழைய வழி உண்மையிலேயே இருந்தது. வங்காளத்தில் டீக்காதார் என்ற குத்துக்காரர்கள் பெரியம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த பொருளையே ஊசியால் கையில் குத்தி வந்தார்கள். ஹால்வெல் என்ற ஆங்கிலேயர் 1767-ல் இதை விவரமாக எழுதி லண்டன் மருத்துவர்களுக்குக் கொடுத்தார். மூச்சு வழியாகப் போகாமல் தோல் வழியாகப் போனதால் நோய் பெரும்பாலும் இலேசாக வந்து போகும். சீனாவிலும் துருக்கியிலும் ஆப்பிரிக்காவிலும் இதே போன்ற வழிகள் இருந்தன. நம் நாட்டுக்குப் பெருமை வேண்டுமென்றால் இதைச் சொல்லிக்கொள்ளலாம், இது நிஜம். ஆனால் குத்துவது நிஜப் பெரியம்மை. சிலர் அதிலேயே செத்துப்போவார்கள், குத்திக்கொண்டவரிடமிருந்து மற்றவர்களுக்கும் பரவும்.

எட்வர்ட் ஜென்னர் 1796 மே 14 அன்று செய்தது வேறு. பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் இருந்த பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்து ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனுக்கு வைத்தார். பிறகு பெரியம்மைப் பொருளைக் குத்திப் பார்த்தார், நோய் வரவில்லை. (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது.) பசு அம்மை வைரஸ் பெரியம்மை வைரஸுக்குப் பங்காளி மாதிரி, முகஜாடை ஒன்று. சாதுவான பங்காளியைப் பார்த்து வைத்துக்கொண்ட உடம்பு, பொல்லாதவன் வந்தபோது அடையாளம் கண்டுகொண்டது. தடுப்பூசி கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் வைக்கும் மாதிரித் தேர்வு போன்றது. எழுதுவது உடம்புதான்.

இந்தப் பசு அம்மை இந்தியாவுக்கு வந்த விதம் தனிக்கதை. குளிர்பெட்டி இல்லாத காலம். கண்ணாடியிலும் நூலிலும் தடவிக் கப்பலில் அனுப்பியதெல்லாம் வெயிலில் செத்துப்போனது. கடைசியில் வியன்னாவிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா என்று ஊர் ஊராக ஆட்களுக்குக் குத்தி, கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவர்களுக்குக் குத்தி பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். 1802 ஜூன் 14 அன்று அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தியது பிடித்துக்கொண்டது. அங்கிருந்து கைக்குக் கை, பிள்ளைக்குப் பிள்ளை என்று மற்ற மாகாணங்களுக்குப் பரப்பினார்கள். அன்றைக்குத் தடுப்பு மருந்தின் குளிர்பெட்டி குழந்தைகளின் கைதான்.

எதிர்ப்பும் அங்கேதான் வந்தது. ஒரு பிள்ளையின் கொப்புளத்தைக் கீறி எடுத்து இன்னொரு பிள்ளைக்கு வைப்பது என்றால் எந்தத் தாய்க்கு மனசு வரும்? எந்த சாதிப் பிள்ளையின் கையிலிருந்து எந்த சாதிப் பிள்ளைக்கு என்ற கேள்வி வேறு. ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்ற பயம் வேறு. குத்த வருபவர் வெள்ளைக்காரக் கம்பெனியின் ஆள் என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. எல்லாவற்றையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. கைக்குக் கை மாற்றும்போது வேறு நோய்களும் சேர்ந்து போகும் ஆபத்து நிஜமாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் நாம் எல்லோரும் கொண்டாடும் ஒருவர் வருகிறார். எஃப். டபிள்யூ. எல்லிஸ். சென்னைக் கலெக்டர். கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னால், 1816-லேயே, தமிழ் தெலுங்கு கன்னடம் ஒரு தனிக் குடும்பம் என்று எழுதியவர். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கியவர். வள்ளுவர் உருவம் பொறித்த தங்க நாணயத்தோடு அவர் பெயரைச் சேர்த்துச் சொல்கிறோம். அம்மை குத்துவதற்கு மக்களை இணங்கவைக்க அவர் ஒரு வழி செய்தார். பசு அம்மையைப் பற்றி வடமொழியில் ஒரு சிறு செய்யுள் இயற்றி, பழைய தாளில் எழுதி, பழஞ்சுவடியாகக் கிடைத்தது போலக் காட்டினார் என்று அக்காலத்து ஆங்கிலக் குறிப்பே சொல்கிறது. பசு புனிதமானது, வழி பழைய நூலில் சொன்னது என்றால் மறுக்க மாட்டார்கள் என்பது கணக்கு. பசு அம்மை பற்றி ஒரு புராணக் கதையையும் அவர் எழுதியதை, எல்லிஸைப் பற்றி விரிவாக ஆராய்ந்த தாமஸ் டிரவுட்மன் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

1819-ல் மெட்ராஸ் கூரியர் பத்திரிகையில், தன்வந்திரி வாக்கு என்ற பெயரில் ஒரு பகுதி அச்சில் வந்தது. பசுவின் மடியில் உள்ள கொப்புளத்திலிருந்தோ, மனிதரின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே உள்ள கொப்புளத்திலிருந்தோ நீரை எடுத்து, அதே இடத்தில் ரத்தம் வரும்படி கீறிச் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். என் வகுப்பில் பத்தாவது படித்த பிள்ளைகளிடம் இந்த ஆவணத்தைக் கொடுத்து எந்தக் காலம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே என்பது ஜென்னருக்குப் பிந்திய ஐரோப்பிய வழக்கம். மனிதக் கையிலிருந்து எடுப்பது கம்பெனி ஆட்கள் 1802 முதல் செய்துவந்த கைக்குக் கை முறை. சரகத்திலும் சுசுருதத்திலும் இப்படி ஒரு முறை கிடையாது. அவற்றில் மசூரிகை என்று கொப்புள நோயைப் பற்றி வருவதே சில வரிகள்தான். 1987-ல் டொமினிக் வுஜாஸ்டிக் என்ற வடமொழி அறிஞர் இதைத் துருவி ஆராய்ந்து, நல்ல நோக்கத்தில் செய்த மோசடி என்று எழுதினார்.

எல்லிஸ் அதே 1819-ல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். கதை அவரோடு போகவில்லை. அந்தப் பகுதி ஐரோப்பிய மருத்துவ எழுத்துகளுக்குள் புகுந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, ஆதாரமாகவே ஆகிவிட்டது.

அது திரும்பி வந்த இடம் கிண்டி. அம்மைப்பாலைப் பிள்ளைகளின் கையிலிருந்து எடுப்பதை விட்டு, கன்றுக்குட்டியின் தோலில் வளர்த்து எடுக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. சாதிச் சண்டைக்கும் வேறு நோய் பரவும் பயத்துக்கும் அது ஒரு முடிவு கட்டியது. ஆனால் நம் ஊர் வெயிலில் அது தாங்காதே? சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங் அதை லானோலின் என்ற ஆட்டு ரோமக் கொழுப்பில் குழைத்து அனுப்பும் வழியைக் கொண்டுவந்தார். அந்தக் குழம்புதான் வண்டியிலும் தபாலிலும் கிராமங்களுக்குப் போனது. அவர் பெயரில் அமைந்ததுதான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். 1905-ல் அதைத் திறந்துவைத்துப் பேசிய கவர்னர் ஆம்ட்ஹில் பிரபு, தடுப்பூசி பண்டைய இந்தியாவுக்குத் தெரிந்திருந்தது என்று கர்னல் கிங் தமக்குச் சொன்னதாகச் சொல்லி, அந்தத் தன்வந்திரி வாக்கையே எடுத்துக்காட்டினார்.

ஆக ஃபார்வர்டில் உள்ளது பாதி உண்மை. கவர்னர் சொன்னது நிஜம். ஆனால் சென்னையில் ஆங்கிலேயர் விதைத்த ஒன்றைத்தான் எண்பத்தாறு ஆண்டு கழித்து, அதே சென்னையில் இன்னொரு ஆங்கிலேயர் அறுவடை செய்தார். எல்லிஸ் மேல் எனக்குள்ள மரியாதை இதனால் குறையவில்லை. ஆனால் அவர் செய்தது தவறு என்றுதான் நினைக்கிறேன். பொய்யைக் கொண்டு பிள்ளையின் கையை நீட்டவைக்கலாம். அடுத்த ஆள் வேறொரு பொய்யைக் கொண்டு அந்தக் கையை மடக்கவும் வைப்பார்.

இனி நிஜப் பெருமைக்கு வருவோம். ஃபார்வர்டு எழுதுகிறவர்களுக்கு இது ஏனோ தெரிவதே இல்லை. சென்னை தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ் என்று ஒருவர் இருந்தார். 1960-களில் அங்கே வந்த 6,942 பெரியம்மை நோயாளிகளை வகை பிரித்து எழுதி வைத்தார். உலகத்தில் பெரியம்மை பற்றி யார் எழுதினாலும் இன்றும் அந்தக் கணக்கைத் தொடாமல் எழுத முடியாது. அம்மை குத்திக்கொள்ளாத 3,544 பேரில் இறந்தவர்கள் நூற்றுக்கு 35-க்கும் மேல். எப்போதோ ஒரு முறையாவது குத்திக்கொண்டிருந்த 3,398 பேரில் நூற்றுக்கு 6 பேர் சொச்சம். இது நோய் வந்து படுத்தவர்களின் கணக்கு. பெரியம்மை புகுந்த 254 குடும்பங்களை அவர் குழு தனியாகப் பின்தொடர்ந்தது. அந்த வீடுகளில் நோயாளியோடு ஒன்றாக இருந்தவர்களில் குத்திக்கொள்ளாத 103 பேரில் 38 பேருக்குத் தொற்றியது. குத்திக்கொண்ட 1,146 பேரில் தொற்றியது 14 பேருக்கு. ஒரே வீடு, ஒரே காற்று, ஒரே பாய். வித்தியாசம் கையில் இருந்த தழும்புதான்.

அதே சென்னையில் ஹென்றி கெம்பி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் நம் மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். அண்மையில் அம்மை குத்திக்கொண்டவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து, நோயாளியோடு பழகியவர்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். 1961-ல் வெளியான கணக்குப்படி, எதிர்ப்பொருளும் தடுப்பூசியும் பெற்ற 326 பேரில் 5 பேருக்கு நோய் வந்தது. எதிர்ப்பொருள் பெறாத 379 பேரில் 21 பேருக்கு வந்தது. ஒருவர் உடம்பு செய்த பாதுகாப்பை இன்னொருவர் உடம்புக்குக் கடன் கொடுக்க முடியும் என்பதற்குப் பெரியம்மையில் இது ஒரு சாட்சி. கடன் என்பதால் அது சில வாரத்தில் தீர்ந்துவிடும். சொந்தமாகச் சம்பாதித்த நினைவு அப்படித் தீர்வதில்லை. அம்மை குத்தி ஐம்பது அறுபது ஆண்டு ஆனவர்களின் ரத்தத்திலும் அந்த எதிர்ப்பொருளும் நினைவணுவும் இருப்பதை 2003-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். உங்கள் தழும்புக்குப் பின்னால் இன்னும் காவல் இருக்கிறது.

எங்கள் பள்ளிக் காலத்தில் அம்மை குத்துகிறவர் வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னால் வந்துவிடும். வட்டமாக, ஓரத்தில் பல் வைத்த ஒரு கருவி. தோலில் மருந்தைத் தடவி, கருவியை வைத்து ஒரு திருகு. பாதி வகுப்பு ஜன்னல் வழியாக இறங்கி ஆற்றங்கரைக்கு ஓடிவிடும். பெரிய வாத்தியார் பெரிய பையன்களை அனுப்பிப் பிடித்துவரச் சொல்வார். ஒரு வாரத்தில் குத்திய இடம் சீழ் கோத்து வீங்கும், அக்குளில் நெறி கட்டும், ராத்திரி காய்ச்சல் வரும். அம்மா எண்ணெய்கூடத் தொடவிடாமல் பார்த்துக்கொள்வாள். உள்ளே நடந்தது தனிப்படைத் தேர்வு என்று அப்போது யார் சொன்னார்கள்?

1962-ல் மத்திய அரசு தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. எல்லோருக்கும் குத்து என்பதுதான் முதல் வழி. பிறகு இரண்டு நல்ல மாற்றங்கள் வந்தன. வெயிலுக்கு அசையாத உறைஉலர் தடுப்பு மருந்து ஒன்று. நம் நாட்டில் அதைத் தயாரித்த நான்கு இடங்களில் கிண்டியும் உண்டு. இரண்டாவது கவைக்கோல் போல முனை பிரிந்த ஊசி. யார் வேண்டுமானாலும் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம், மருந்தும் கொஞ்சம் போதும். இதற்கெல்லாம் மேலாக வழியே மாறியது. நோயாளியைத் தேடிக் கண்டுபிடி, அவரைச் சுற்றி உள்ளவர்களுக்குக் குத்து. முன்னே சொன்னேனே, அந்தப் பன்னிரண்டு நாளில் தொற்றாது என்று. தொற்றிய மூன்று நான்கு நாளுக்குள் குத்திவிட்டால் தோலில் தொடங்கும் தடுப்பு, உள்ளே பெருகும் நோயை முந்திவிடும். அந்த இடைவெளியில்தான் பெரியம்மையைப் பிடித்தார்கள்.

தமிழ்நாட்டில் பரவல் முன்னதாகவே அடங்கியது. வடக்கே 1974-ல் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடியது. அந்த ஒரே ஆண்டில் இந்தியாவில் 1,88,000 பேருக்கு மேல் நோய், 31,000 பேருக்கு மேல் சாவு. பீகாரில் வீடு வீடாகக் குழந்தையின் படத்தைக் காட்டிக் கேட்டுப் போனார்கள், தகவல் சொன்னால் பரிசு என்று அறிவித்தார்கள். 1975 மே 24 அன்று அசாமின் கரீம்கஞ்சில் கண்ட நோயாளிதான் இந்தியாவில் கடைசி. 1980-ல் உலகமே விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தைப் புனலாட்டுக்குப் போகும் பிள்ளைகளின் கையில் இன்று அந்தத் தழும்பு இல்லாதது அதனால்தான்.

இப்போது தம்பியின் கேள்வி. நம்ம உடம்பே பார்த்துக்காதா?

பார்த்துக்கொள்ளும் தம்பி. உடம்புதான் எப்போதும் பார்த்துக்கொள்கிறது. முன்னறிவிப்போடு பார்த்துக்கொள்வதா, இல்லாமலா என்பதுதான் பேச்சு. தட்டம்மை பெரியம்மையின் உறவு இல்லை, முற்றிலும் வேறு வைரஸ். சாவு விகிதமும் அதைவிடக் குறைவுதான். ஆனால் பரவும் வேகத்தில் பெரியம்மை இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பெரியம்மைக்குப் பெரும்பாலும் நெருங்கிப் பழக வேண்டும். தட்டம்மை கண்டவர் எழுந்து போன அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை அந்த வைரஸ் இருக்கும். தை 5-ல் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு நம் தென்பெண்ணைக்கு வரும்போது ஆற்றுமணல் தெரியாமல் சனம் நிற்கிறதே, அப்படி ஒரு கூட்டத்துக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போவோம். மேலே தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே அது தொற்றத் தொடங்கிவிடும் என்பதால், யார் நோயாளி என்று பார்த்து ஒதுங்கவும் முடியாது.

இன்னொரு சங்கதி எனக்கே அண்மையில்தான் படிக்கக் கிடைத்தது. தட்டம்மை வைரஸ் நேராகப் போய்த் தாக்குவது நினைவணுக்களையே. 2019-ல் நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 பிள்ளைகளின் ரத்தத்தைத் தட்டம்மை வருவதற்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அதற்கு முன் வேறு வேறு கிருமிகளோடு போராடிச் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. பிள்ளை தட்டம்மையிலிருந்து பிழைத்துவிடும். ஆனால் படித்த பழைய பாடமெல்லாம் அழிந்துபோய், சளி, வயிற்றுப்போக்கு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். தடுப்பூசி போட்ட பிள்ளைகளுக்கு இந்த இழப்பு ஏற்படவில்லை.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வந்த வதந்திகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல்பதிவை நம்பி அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத வீடுகள் இருந்தன. எங்கள் தலைமுறை ஜன்னல் வழியாக ஓடியது, அந்த ஆண்டு பெற்றோரே லீவு போட வைத்தார்கள்.

ஊசி போட்டால் சில பிள்ளைகளுக்கு ஓரிரு நாள் காய்ச்சல், லேசான தடிப்பு வரலாம். பயப்பட வேண்டாம். முதல் ஊசி ஒன்பது மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போனால் போதும், காசு கிடையாது, அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். பிள்ளைக்கு வேறு ஏதாவது உடல்நலக் குறை இருந்தால் ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரியம்மைத் தழும்போடு இருந்த தாத்தா பாட்டிகளை, அம்மை குத்த வந்தவர்களை நினைவு வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள். எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. திருக்கோவிலூர்ப் பக்கம், கல்வராயன் மலைப்பக்கம் உள்ளவர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். மலையில் குத்துகிறவர்கள் எப்படி ஏறிப் போனார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளாக ஆசை.